வட்டி விகிதம் அஞ்சலில் வரும்போது: அமெரிக்க வீட்டுக் கடன் மின்னஞ்சல்களும் சட்டமும்

2003-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்கர்கள் பலருடைய இன்பாக்ஸில் ஒரு கடன் விளம்பரம் வந்து விழுந்தது. 30 ஆண்டு வீட்டுக் கடன், வட்டி 3.95 சதவீதம். அதே கடனுக்கு அன்றைய சந்தை வட்டி 6 சதவீதத்தை ஒட்டி இருந்தது. அனுப்பியது '30 மினிட் மார்ட்கேஜ்' என்ற ஃபுளோரிடா நிறுவனம். நாடு முழுக்கக் கடன் கொடுக்கும் நிறுவனம் என்று தன்னைச் சொல்லிக்கொண்டது. இணைப்பைத் தொட்டால் நீளமான விண்ணப்பம் ஒன்று விரியும். சமூகப் பாதுகாப்பு எண், வருமானம், சொத்து என்று எல்லாவற்றையும் கேட்கும்; கொடுக்கும் தகவல் குறியாக்கம் செய்யப்பட்டுப் பத்திரமாக இருக்கும் என்றும் சொல்லும். அந்த ஆண்டு மார்ச்சில் எஃப்.டி.சி. என்ற கூட்டாட்சி வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டது. வட்டி பொய், பாதுகாப்பு பொய், நாடு தழுவிய கடன் நிறுவனம் என்பதும் பொய் என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு. மக்கள் நம்பி நிரப்பிய விண்ணப்பங்கள் வெளியாருக்கு விற்பனைச் சரக்காகின என்றும் ஆணையம் சொன்னது.

அப்போது ஸ்பாமுக்கென்று கூட்டாட்சிச் சட்டம் எதுவும் இல்லை. ஏமாற்று வணிகத்துக்கு எதிரான பழைய சட்டமும், நிதித் தகவலைத் தந்திரமாகக் கறப்பதைத் தடைசெய்த 1999-ஆம் ஆண்டுச் சட்டமுமே கைகொடுத்தன. வீட்டுக் கடன் மின்னஞ்சலில் எழக்கூடிய மூன்று கேள்விகளும் அந்த ஒரே வழக்கில் இருந்தன. அனுப்புகிறவர் உண்மையில் யார்? கடிதம் சொல்லும் எண்கள் உண்மையா? ஒருவரின் விவரம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது?

இன்று பெரிய கடன் நிறுவனங்களில் இதற்கென்று 'கம்ப்ளையன்ஸ்' பிரிவு இருக்கிறது. சரிபார்க்கும் பட்டியல் இருக்கிறது. கடிதத்தின் அடியில் முகவரியையும் 'அன்சப்ஸ்கிரைப்' இணைப்பையும் தானாக ஒட்டிவிடும் மென்பொருளும் இருக்கிறது. அடிவரி சரியாக இருந்தால் கடிதம் சட்டப்படி சரி என்ற நினைப்பு இந்தத் தொழிலில் பரவலாக உண்டு. இருபது ஆண்டு வழக்குகளைப் புரட்டினால் வேறு படம் தெரிகிறது. வீட்டுக் கடன் நிறுவனங்கள் சிக்கிக்கொண்டது பெரும்பாலும் அனுப்புநர் பெயரில், தலைப்பு வரியில், மாதத் தவணை என்று போட்ட எண்ணில், பட்டியல் வாங்கிய இடத்தில். அந்த இடங்களை ஆள்வது ஸ்பாம் சட்டத்தைவிட மிகவும் பழைய, மிகவும் கறாரான கடன் விளம்பரச் சட்டங்கள்.

எளிய வாசல்

ஸ்பாம் சட்டத்தை முதலில் முடித்துவிடலாம். அதில் சிக்கல் குறைவு. கேன்-ஸ்பாம் எனப்படும் அந்தச் சட்டத்தில் 2003 டிசம்பர் 16 அன்று அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையெழுத்திட்டார், 2004 ஜனவரி 1 முதல் நடைமுறை. செனட்டில் அதை எதிர்த்து ஒரு வாக்குகூட விழவில்லை. அவ்வளவு இணக்கம் ஏன் என்பதற்கு ஒரு காரணம் கலிஃபோர்னியாவில் இருந்தது. அந்த மாநிலம் செப்டம்பரில்தான் தனியாக ஒரு சட்டம் செய்திருந்தது. முன்அனுமதி இல்லாமல் வணிக மின்னஞ்சல் அனுப்பவே கூடாது; அனுப்பினால் பெற்றவரே நீதிமன்றம் போய் ஒரு கடிதத்துக்கு 1,000 டாலர் வரை கேட்கலாம் என்றது அது. அதுவும் 2004 ஜனவரி 1 அன்றே அமலுக்கு வர வேண்டியது. கூட்டாட்சிச் சட்டம் அதே நாளில் வந்து அதன் முதுகெலும்பை முறித்தது. மாநிலங்களின் கையில் மிஞ்சியது ஒன்றே ஒன்று, கடிதத்தில் உள்ள பொய்க்கும் ஏமாற்றுக்கும் தண்டனை தரும் உரிமை. இந்த மிச்சம் பின்னால் பெரிதாக வளர்ந்தது.

கேன்-ஸ்பாம் முன்அனுமதி கேட்பதில்லை. முன்பின் தெரியாதவருக்கு ஒரு கடன் நிறுவனம் கடிதம் அனுப்புவதில் அதற்கு ஆட்சேபம் கிடையாது. அனுப்புநர் விவரம் உண்மையாக இருக்க வேண்டும், தலைப்பு ஏமாற்றக் கூடாது, விளம்பரம் என்று தெரிய வேண்டும், அஞ்சல் முகவரி இருக்க வேண்டும், விலகிக்கொள்ள வழி இருக்க வேண்டும். விலகும் வழி கடிதம் போன பிறகு 30 நாளாவது இயங்க வேண்டும். கேட்டவரைப் 10 வேலை நாளுக்குள் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும். 2008-இல் எஃப்.டி.சி. சேர்த்த விதிப்படி, விலகுவதற்குக் கட்டணம் கேட்கக் கூடாது, மின்னஞ்சல் முகவரிக்கு மேல் விவரம் கேட்கக் கூடாது, ஒரு பக்கத்துக்கு மேல் அலைக்கழிக்கக் கூடாது. 'விலக வேண்டுமானால் முதலில் லாகின் செய்யுங்கள்' என்று வரும் கடிதங்களைப் பார்க்கும்போது இந்த விதியை எழுதியவர்கள் மீது மரியாதை வருகிறது. மீறினால் ஒரு கடிதத்துக்கு அதிகபட்ச அபராதம் 2025 கணக்கில் 53,088 டாலர்.

கேட்கப் பயங்கரமாக இருக்கும் இந்த எண்ணை வைத்துக்கொண்டு பெற்றவர் ஒன்றும் செய்ய முடியாது. தனிமனிதருக்கு வழக்குத் தொடரும் உரிமையைக் கேன்-ஸ்பாம் தரவில்லை, எஃப்.டி.சி., வங்கிகளைக் கண்காணிக்கும் அமைப்புகள், மாநில அட்டர்னி ஜெனரல்கள், இணையச் சேவை நிறுவனங்கள் ஆகியோருக்குத்தான் அந்த உரிமை. நடைமுறையில் இன்று நாடாளுமன்றத்தைவிடக் கண்டிப்பான காவலர்கள் கூகுளும் யாஹூவும்தான். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலுக்கு நாளொன்றுக்கு 5,000 கடிதத்துக்கு மேல் அனுப்புகிற எவரும் அனுப்புநர் அடையாளத்தைத் தொழில்நுட்ப முறையில் நிரூபிக்க வேண்டும், ஒரே சொடுக்கில் விலக விட வேண்டும், விலகியவரை இரண்டு நாளில் எடுக்க வேண்டும். ஸ்பாம் என்று புகார் செய்வோர் 0.3 சதவீதத்தைத் தொட்டால் கடிதம் இன்பாக்ஸுக்குப் போய்ச் சேர்வது கடினம். சட்டம் தரும் 10 வேலை நாளை எண்ணிக்கொண்டிருக்கும் கடன் நிறுவனத்தின் கடிதங்களை அதற்குள் ஜிமெயில் குப்பையில் தள்ளியிருக்கும்.

ஒரு கடிதத்தைப் பிரித்துப் பார்த்தால்

கற்பனையாக ஒரு கடிதத்தை எடுத்துக்கொள்வோம். தலைப்பு: '5.99% நிலையான வட்டி! மாதம் 1,797 டாலர் மட்டுமே.' உள்ளே ஒரு வீட்டின் படம், 3,00,000 டாலர் கடன் என்று ஒரு வரி, 'இப்போதே விண்ணப்பியுங்கள்' என்ற பொத்தான். அடியில் முகவரியும் விலகும் இணைப்பும் கச்சிதம். கேன்-ஸ்பாம் கண்ணுக்கு இதில் குறையே தெரியாது. கணக்கும் பொய்யில்லை: 3,00,000 டாலருக்கு 5.99 சதவீத வட்டியில் 30 ஆண்டு தவணை 1,797 டாலர்தான்.

ஆனால் 1968-ஆம் ஆண்டின் கடன் உண்மைச் சட்டமும் அதன் கீழுள்ள 'ரெகுலேஷன் இசட்' விதிகளும் இந்தக் கடிதத்தை வேறு விதமாகப் படிக்கும். விளம்பரத்தில் முன்பணத் தொகை, தவணை எண்ணிக்கை, ஒரு தவணையின் தொகை, நிதிக் கட்டணத்தின் தொகை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று தலைகாட்டினால், அது மற்ற விவரங்களையும் இழுத்துக்கொண்டு வர வேண்டும். தொழில்காரர்கள் இவற்றை 'ட்ரிக்கர் டெர்ம்ஸ்' என்கிறார்கள். '1,797' என்று எழுதியவுடன் ஏ.பி.ஆர். எனப்படும் ஆண்டு விகிதமும், மொத்தத் திருப்பிச் செலுத்தும் விவரமும், விகிதம் பின்னால் ஏறுமா என்ற செய்தியும் கட்டாயம். வீட்டுக் கடனானால் இன்னொன்றும் உண்டு. இந்தத் தவணையில் சொத்து வரியும் காப்பீடும் சேரவில்லை, கையிலிருந்து போகும் தொகை இதைவிட அதிகம் என்பதைத் தவணைத் தொகையின் பக்கத்திலேயே, கண்ணில் படும்படி சொல்ல வேண்டும்.

சென்னையில் அமெரிக்க வீட்டுக் கடன் கோப்புகளைப் பரிசீலிக்கும் அலுவலகங்களில் வேலை பார்த்தவர்களுக்கு ஏ.பி.ஆர்., எஸ்க்ரோ எல்லாம் அன்றாடச் சொற்கள். மற்றவர்களுக்காக: எஸ்க்ரோ என்பது சொத்து வரிக்கும் காப்பீட்டுக்கும் தவணையோடு சேர்த்து வாங்கி வைக்கும் கணக்கு; ஏ.பி.ஆர். என்பது வட்டியோடு கடன் வாங்கும் செலவையும் சேர்த்துக் கணக்கிடும் விகிதம். மேலே சொன்ன 5.99 சதவீதத்தைப் பெறக் கடன் வாங்குகிறவர் இரண்டு 'பாயின்ட்', அதாவது கடனில் 2 சதவீதமான 6,000 டாலரை முன்கூட்டியே கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வேறு கட்டணமே இல்லை என்று எடுத்துக்கொண்டாலும் ஏ.பி.ஆர். ஏறத்தாழ 6.18 சதவீதம் ஆகிவிடும். வட்டியைச் சொல்ல விதி தடை போடவில்லை, ஏ.பி.ஆரையும் கூடவே சொல்ல வேண்டும், வட்டி அதைவிடத் தூக்கலாகத் தெரியக் கூடாது என்கிறது. தலைப்பு வரியில் 5.99, திறந்து கீழே உருட்டினால் சாம்பல் நிறப் பொடி எழுத்தில் 6.18 என்று ஒரு கடிதம் வந்தால் எது தூக்கல் என்பதில் விவாதத்துக்கு இடமே இல்லை. தலைப்பு வரியை எழுதும் மார்க்கெட்டிங் ஆளுக்கு அது கதவைத் திறக்க வைக்கும் வரி. ஒழுங்காளரின் பார்வையில் அதுவும் விளம்பரத்தின் ஒரு பகுதி. பலர் அதை மட்டுமே படிப்பதால் முதன்மையான பகுதி என்றுகூடச் சொல்லலாம். வட்டி விகிதத்தைத் தலைப்பில் போடாமலே இருப்பதுதான் நல்லது என்பது என் கருத்து. அப்படிச் செய்கிற நிறுவனங்கள் குறைவு என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

'நிலையான' என்ற சொல்லுக்கும் தனி விதி இருக்கிறது. முதல் ஐந்து ஆண்டு மாறாமல் இருந்து பிறகு சந்தையோடு ஏறி இறங்கும் கடனை வெறுமனே 'நிலையான வட்டி' என்று விளம்பரப்படுத்த முடியாது. எத்தனை காலம் நிலை, பிறகு ஏறக்கூடும் என்பதும் சேர்ந்தே வர வேண்டும். 2008-இல் வீட்டுக் கடன் சந்தை சரிந்துகொண்டிருந்தபோது ஃபெடரல் ரிசர்வ் எழுதிய விதிகள் இவை. 2009 அக்டோபரில் அமலுக்கு வந்தன. கடனைக் கடனால் அடைப்பதைக் 'கடனிலிருந்து விடுதலை' என்று சொல்வது, லாபத்துக்குக் கடன் விற்கிறவர் தன்னை 'ஆலோசகர்' என்று அழைத்துக்கொள்வது என்று அந்தக் காலத்து விளம்பரங்களின் தந்திரங்கள் ஒவ்வொன்றாக அந்தத் தடைப்பட்டியலில் இடம்பெற்றன.

அதே பட்டியலில் அமெரிக்கத் தமிழர்களுக்கு நேரடியாகப் பொருந்தும் ஒரு தடையும் இருக்கிறது. விளம்பரத்தில் கவர்ச்சியான தொடக்க வட்டியையோ தவணையையோ வேற்று மொழியில் சொல்லிவிட்டு, பின்னால் ஏறப்போகும் வட்டியையும் முழுத் தவணையையும் ஆங்கிலத்தில் மட்டும் சொல்வது குற்றம். விதியின் மனக்கண் முன் இருந்தது ஸ்பானிய விளம்பரங்களாக இருக்கலாம். எழுத்தில் எந்த மொழியென்று பிரிவினை இல்லை. நியூ ஜெர்சியிலோ டெக்சஸிலோ ஒரு கடன் முகவர் பொங்கல் வாழ்த்தோடு தமிழில் 'குறைந்த தவணை' என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பி, நிபந்தனைகளை ஆங்கிலத்தில் விட்டுவிட்டால் அதே விதி அவரையும் பிடிக்கும். சொந்த மொழியில் வரும் கடிதத்தைச் சொந்தக்காரர் சொன்னதுபோல நம்பிவிடுவோம் என்பது விதி எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அரசாங்க முத்திரை

கடன் உண்மைச் சட்டத்துக்கு மேல் 2011-இல் இன்னொரு அடுக்கு வந்தது. 2009-ஆம் ஆண்டு நிதி ஒதுக்கீட்டுச் சட்டம் கொடுத்த அதிகாரத்தில் எஃப்.டி.சி. எழுதிய வீட்டுக் கடன் விளம்பர விதி, ஆகஸ்டில் அமலுக்கு வந்தது. பிறகு புதிதாகப் பிறந்த நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு ஆணையமான சி.எஃப்.பி.பி.யிடம் 'ரெகுலேஷன் என்' என்ற பெயரில் போய்ச் சேர்ந்தது. பொய்யான விளம்பரத்துக்கு 19 எடுத்துக்காட்டுகளை அது வரிசையாகச் சொல்கிறது. வங்கிகள் இதன் கீழ் வராது. வங்கி அல்லாத கடன் நிறுவனங்கள், தரகர்கள், ஆள் பிடித்துக் கொடுக்கும் 'லீட்' நிறுவனங்கள் வரும். வீட்டுக் கடன் மின்னஞ்சல்களில் பெரும்பங்கு இவர்களிடமிருந்துதான் புறப்படுகிறது என்பதால் விதி சரியான ஆட்களையே குறிவைக்கிறது.

அந்த எடுத்துக்காட்டுகளில் அடிக்கடி மீறப்பட்ட ஒன்று, அரசாங்கத்தோடு தொடர்பு இருப்பதாகக் காட்டிக்கொள்வது. முன்னாள் படைவீரர்களுக்கான வீட்டுக் கடனை வி.ஏ. என்கிற படைவீரர் நலத்துறை உத்தரவாதம் மட்டுமே செய்கிறது. கடன் கொடுப்பது தனியார் நிறுவனம். இந்த நுணுக்கத்தின் இடுக்கில்தான் ஒரு விளம்பரத் தொழிலே நடந்தது. 2012-இல் எஃப்.டி.சி.யும் சி.எஃப்.பி.பி.யும் சேர்ந்து ஏறத்தாழ 800 வீட்டுக் கடன் விளம்பரங்களை எடுத்துப் பார்த்துவிட்டுப் பல நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பின. படைவீரர்களையும் முதியோரையும் குறிவைத்தவையும் அரசுக் கடிதம் போல வேடமிட்டவையும் அவற்றில் இருந்தன. அடுத்த ஆண்டு, புதிய விதியின் கீழ் முதல் வழக்கில், மார்ட்கேஜ் இன்வெஸ்டர்ஸ் கார்ப்பரேஷன் 75 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அழைக்க வேண்டாம் என்று பதிவு செய்திருந்த 54 லட்சத்துக்கும் மேற்பட்ட எண்களுக்குத் தொலைபேசியில் அழைத்ததும், வி.ஏ.வோடு தொடர்பு இருப்பதாகச் சொன்னதும் புகாரில் இருந்தன.

ஆர்.எம்.கே. ஃபைனான்ஷியல் என்ற கலிஃபோர்னியா நிறுவனத்தின் கதை இன்னும் நீளம். 2015-இல் அரசுக் கடிதம் போல விளம்பரம் அனுப்பியதற்காக 2,50,000 டாலர் அபராதமும், இனி அப்படிச் செய்யாதே என்ற ஆணையும் பெற்றது. ஆணைக்குப் பிறகும் அரசு முத்திரையைப் போன்ற படங்களோடு படைவீரர் குடும்பங்களுக்குக் கடிதம் போய்க்கொண்டே இருந்தது. 2023 பிப்ரவரியில் சி.எஃப்.பி.பி. 10 லட்சம் டாலர் அபராதம் விதித்து, வீட்டுக் கடன் தொழிலிலிருந்தே அதை நிரந்தரமாக வெளியேற்றியது. இடையில் 2020, 2021-இல் வி.ஏ. கடன் விளம்பரங்களுக்காக ஒன்பது நிறுவனங்கள் மீது நடவடிக்கை. மொத்த அபராதம் 44 லட்சம் டாலருக்கு மேல்.

இவற்றில் பல காகிதக் கடிதங்கள் என்று ஒருவர் சொல்லலாம். உண்மைதான். விதி ஊடகத்தைப் பார்ப்பதில்லை. மின்னஞ்சலில் வேடம் போடுவது இன்னும் மலிவு: அனுப்புநர் பெயர் என்ற சின்னக் கட்டத்தில் 'வி.ஏ. கடன் பிரிவு' என்று நிரப்பினால் போதும். நிறுவனத்தின் உண்மையான பெயர் முகவரியில் ஒளிந்துகொள்ளும். கைப்பேசித் திரையில் அதுவும் தெரியாது. கேன்-ஸ்பாம், ரெகுலேஷன் இசட், ரெகுலேஷன் என் மூன்றும் ஒரே கட்டத்தில் மோதும் இடம் இதுதான்.

அரசின் பெயரைப் போலவே இரவல் வாங்கப்படும் இன்னொரு பெயர், ஒருவர் ஏற்கெனவே கடன் வாங்கியிருக்கும் நிறுவனத்தின் பெயர். அமெரிக்காவில் அடமானப் பத்திரம் கவுன்டி அலுவலகத்தில் பதிவாகும் பொது ஆவணம். யார் யாரிடம் எவ்வளவுக்கு அடமானம் வைத்தார் என்பதை எவரும் பார்க்கலாம். அதை எடுத்துக்கொண்டு 'உங்கள் இன்ன நிறுவனக் கடன் பற்றி' என்று ஒரு போட்டி நிறுவனம் கடிதம் எழுதினால் பாதிப் பேர் தங்கள் சொந்தக் கடன் நிறுவனமே எழுதுவதாக நினைப்பார்கள். அனுப்புகிறவர் தன் பெயரையும், அந்த நிறுவனத்தோடு தனக்குத் தொடர்பில்லை என்பதையும் அதே அளவு பளிச்சென்று சொல்லாவிட்டால் அது விதிமீறல்.

பட்டியல் எங்கிருந்து வந்தது

கடிதம் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் முகவரி வந்த வழி கோணலாக இருக்கலாம். இந்தத் தொழிலில் அதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு 'ட்ரிக்கர் லீட்'. ஒருவர் வீடு வாங்க ஒரு வங்கியில் விண்ணப்பிக்கிறார். வங்கி அவருடைய கடன் வரலாற்றைக் கேட்கிறது. கேட்ட மறுகணமே, இவர் வீட்டுக் கடன் தேடுகிறார் என்ற செய்தியைக் கடன் வரலாற்று நிறுவனங்கள் போட்டி நிறுவனங்களுக்கு விற்றுவிடுகின்றன. அடுத்த சில மணி நேரத்தில் அழைப்பும் குறுஞ்செய்தியும் குவியும். தன் வங்கிதான் விவரத்தை விற்றுவிட்டது என்று நினைத்து விண்ணப்பதாரர் அங்கே போய்ச் சண்டை போடுவார்.

இது சட்டப்படியே நடந்தது. உறுதியான கடன் வாய்ப்பு ஒன்றைக் கொடுப்பதாக இருந்தால், கேட்காமலே ஒருவருடைய கடன் வரலாற்றின் அடிப்படையில் பட்டியல் வாங்கலாம் என்று கடன் வரலாற்றுச் சட்டம் அனுமதித்திருந்தது. அதற்கும் நிபந்தனைகள் உண்டு. இப்படி முன்கூட்டியே சலித்தெடுத்துத் தரும் பட்டியலிலிருந்து விலகும் உரிமை பற்றிய அறிவிப்பு கட்டாயம். மின்னணு வடிவில் அனுப்பினால் அது முக்கிய விளம்பரச் செய்தியின் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அதாவது இத்தகைய கடிதத்தில் இரண்டு விலகல்கள் தேவைப்படும்: இந்த நிறுவனத்தின் கடிதத்திலிருந்து விலகுவது ஒன்று, கடன் வரலாற்று நிறுவனம் விற்கும் பட்டியலிலிருந்து விலகுவது இன்னொன்று. அடிவரியில் முதலாவதைப் போட்டுவிட்டு இரண்டாவதை மறந்துவிடுவது எளிதில் நடக்கிற பிழை.

2025 செப்டம்பர் 5 அன்று கையெழுத்தான வீடு வாங்குவோர் அந்தரங்கப் பாதுகாப்புச் சட்டம் இந்த வியாபாரத்தின் பெரும்பகுதியை அடைக்கிறது. 180 நாள் கழித்து அமலாகும் வகையில் எழுதப்பட்ட அதன்படி, வீட்டுக் கடன் விண்ணப்பத்தை ஒட்டிய செய்தியை வாங்க வேண்டுமானால் உறுதியான கடன் வாய்ப்போடு ஒரு உறவும் வேண்டும்: விண்ணப்பதாரரே சம்மதித்திருக்க வேண்டும், அல்லது அவருடைய இப்போதைய வீட்டுக் கடனைக் கொடுத்தவராகவோ அதை நிர்வகிப்பவராகவோ இருக்க வேண்டும், அல்லது அவர் கணக்கு வைத்திருக்கும் வங்கியாகவோ கிரெடிட் யூனியனாகவோ இருக்க வேண்டும். கட்சி வேறுபாடு இல்லாமல் இரு தரப்பும் கொண்டுவந்த சட்டம் இது. எல்லா உறுப்பினர்களும் எப்போதாவது வீடு வாங்கியிருப்பார்கள் போலும்.

இந்தச் சட்டம் அடைத்தது கடன் வரலாற்று நிறுவனங்களின் வாசலை மட்டும். 'உங்கள் வீட்டின் மதிப்பு என்ன?' என்று ஆசை காட்டும் இணையப் படிவங்களில் மக்கள் தாங்களே நிரப்பிக் கொடுக்கும் முகவரிகள் தனி ஓடை. எஃப்.டி.சி. 2014-இல் கொலராடோவின் இன்டர்முன்டோ மீடியா என்ற லீட் நிறுவனத்திடம் வீட்டுக் கடன் விளம்பரங்களுக்காக 5,00,000 டாலர் அபராதம் வாங்கியது. 2022-இல் ஐ.டி. மீடியா என்ற நிறுவனம், மக்கள் கடன் கேட்டு நிரப்பிய விண்ணப்பங்களைக் கடனுக்குத் தொடர்பில்லாதவர்களுக்கும் விற்றது என்ற புகாரில் 15 லட்சம் டாலர் கட்டியது. இப்படிப்பட்ட ஓடையிலிருந்து முகவரி வாங்கும் கடன் நிறுவனம், விற்றவர் செய்த தவறு என் தலையில் விடியாது என்று ஒப்பந்தத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம். கேன்-ஸ்பாம் அதை ஏற்காது. யாருடைய சரக்கு விளம்பரமாகிறதோ, யார் காசு கொடுத்து அனுப்பச் சொன்னாரோ அவரும் பொறுப்பு.

பட்டியலைச் சுருக்குவதிலும் ஆபத்து உண்டு. எந்த அஞ்சல் குறியீட்டுக்கு அனுப்புவது, எந்த வயதுக்கு அனுப்பாமல் விடுவது என்று மென்பொருளில் இரண்டு கட்டத்தைத் தட்டும்போதே 1968-ஆம் ஆண்டின் நியாய வீட்டுவசதிச் சட்டமும், வயது பார்த்துக் கடனில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் சமவாய்ப்புச் சட்டமும் அறைக்குள் வந்துவிடுகின்றன. 2022-இல் ஃபிலடெல்ஃபியாவின் ட்ரைடென்ட் மார்ட்கேஜ் மீது வந்த வழக்கு, வங்கி அல்லாத ஒரு வீட்டுக் கடன் நிறுவனம் சிறுபான்மையினர் வாழும் பகுதிகளை ஒதுக்கியதற்காக அரசு முடித்த முதல் வழக்கு. அந்த நிறுவனம் தன் விளம்பரங்களை யாரை நோக்கி அனுப்பியது என்பதும் அதில் ஆராயப்பட்டது.

கணக்கறிக்கைக்குள் விளம்பரம்

ஏற்கெனவே கடன் வாங்கியவருக்கு அனுப்பும் கடிதம் பாதுகாப்பானது என்று தோன்றும். தவணை ரசீது, எஸ்க்ரோ கணக்கு, காப்பீட்டு நினைவூட்டல் போன்றவை பரிவர்த்தனைக் கடிதங்கள். கேன்-ஸ்பாமின் விலகல் விதிகள் இவற்றுக்கு இல்லை. அந்த வசதியால்தான் சலனம் பிறக்கிறது. எஸ்க்ரோ அறிக்கையின் மேல்பகுதியில் 'ரீஃபைனான்ஸ் செய்து மாதம் 200 டாலர் மிச்சப்படுத்துங்கள்' என்று ஒரு பட்டை போட்டால் என்ன? எஃப்.டி.சி.யின் 2005-ஆம் ஆண்டு விதி இதற்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. தலைப்பைப் பார்த்து விளம்பரம் என்று ஒருவர் எண்ணுவாரானால், அல்லது கணக்குச் செய்தி கடிதத்தின் தொடக்கத்தில் வராவிட்டால், அது முழுதும் வணிகக் கடிதம்தான்.

கடன் வரலாற்று நிறுவனமான எக்ஸ்பீரியனின் கிளை நிறுவனம் ஒன்று இந்தக் கோட்டில் கால் தடுக்கி 2023 ஆகஸ்டில் 6,50,000 டாலர் கட்டியது. தங்கள் கடன் தகவலைப் பார்க்கவும் நிர்வகிக்கவும் இலவசக் கணக்குத் தொடங்கியவர்களுக்கு விளம்பரங்கள் போயின. விலகும் வழி இல்லை. கணக்கு சம்பந்தமான அறிவிப்புதான் இது என்ற தோரணை இருந்தது. வீட்டுக் கடனை நிர்வகிக்கும் நிறுவனங்கள் அந்தப் புகாரை வரி வரியாகப் படிக்க வேண்டும். இன்னொரு குழப்பமும் இங்கே நடக்கிறது: கடன் ஆவணங்களை மின்னணு வடிவில் பெறச் சம்மதம் என்று வாடிக்கையாளர் 2000-ஆம் ஆண்டின் இ-சைன் சட்டப்படி தரும் ஒப்புதலை விளம்பரத்துக்கான ஒப்புதலாகக் கணக்கில் எழுதிக்கொள்வது. இரண்டும் வேறு வேறு.

தரகரோடு சேர்ந்து அனுப்பும் கடிதமும் ஒரு சந்துதான். வீட்டுத் தரகரின் படமும் கடன் அதிகாரியின் படமும் பக்கத்தில் பக்கத்தில் சிரிக்கும் மின்னஞ்சல்கள் சாதாரணம். செலவை இருவரும் தங்கள் பங்குக்கேற்பப் பகிர்ந்தால் சிக்கலில்லை. கடன் நிறுவனம் முழுச் செலவையும் ஏற்றுத் தரகருக்கு இலவச விளம்பரம் செய்து கொடுத்தால், ஆள் அனுப்பியதற்குக் கொடுத்த கமிஷனாக அது பார்க்கப்படும்; ரெஸ்பா எனப்படும் வீடு வாங்கல்-விற்றல் நடைமுறைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு அதைத் தடைசெய்கிறது. தரகர்களுக்கு இலவச மென்பொருள் சந்தா முதலியவை கொடுத்ததற்காக ஃப்ரீடம் மார்ட்கேஜ் 2023-இல் 17.5 லட்சம் டாலர் அபராதம் கட்டியது.

யார் பிடிப்பார்

2025-இல் புதிய தலைமையின் கீழ் சி.எஃப்.பி.பி.யின் வேலைகள் பெரும்பாலும் முடங்கின. பிடிக்க ஆள் இல்லை என்று சில நிறுவனங்கள் மூச்சு விட்டிருக்கலாம். அவசரம் வேண்டாம். விதிகள் ஏட்டில் அப்படியே இருக்கின்றன. கூட்டாட்சி நுகர்வோர் நிதிச் சட்டத்தை மாநில அட்டர்னி ஜெனரல்களும் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். விளம்பரத்தின் ஒவ்வொரு மாறுபட்ட வடிவத்தையும் கடைசியாக அனுப்பிய நாளிலிருந்து 24 மாதம் வைத்திருக்க வேண்டும் என்கிறது ரெகுலேஷன் என். ஒரே கடிதத்தை எட்டுத் தலைப்பில் அனுப்பி எது அதிகம் திறக்கப்படுகிறது என்று சோதிக்கும் நிறுவனம், தேவைப்பட்டால் தனக்கே எதிரான எட்டுச் சாட்சிகளைத் தானே பாதுகாத்து வைக்கிறது.

2003-இல் மாநிலங்களுக்கு மிஞ்சிய அந்தச் சின்ன உரிமையும் இப்போது பற்கள் முளைத்து நிற்கிறது. வாஷிங்டன் மாநிலத்தின் மின்னஞ்சல் சட்டம் 1998-ஆம் ஆண்டிலிருந்து இருப்பது. பெற்றவரே வழக்குப் போடலாம். 2025 ஏப்ரலில், ஓல்டு நேவி துணிக்கடை மீதான வழக்கில், அம்மாநில உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அதற்கு விரிந்த பொருள் கொடுத்தது: அனுப்புவது விளம்பரம் என்பதைத் தலைப்பு மறைத்தால் மட்டும் குற்றம் என்பதில்லை, தலைப்பில் எந்தத் தகவல் பொய்யாகவோ திசைதிருப்புவதாகவோ இருந்தாலும் குற்றம். 'இன்றோடு முடிகிறது' என்று சொல்லிவிட்டு மறுநாளும் தள்ளுபடி நீட்டும் தலைப்புகள்தான் வழக்குக்குக் காரணம். கேன்-ஸ்பாம் இருக்கும்போது மாநிலச் சட்டம் இவ்வளவு தூரம் போக முடியுமா என்ற வாதம் கூட்டாட்சி நீதிமன்றங்களுக்குப் போயிருக்கிறது.

வீட்டுக் கடன் வட்டி உண்மையிலேயே நாளுக்கு நாள் மாறுவது. 'இந்த விகிதம் இன்று மட்டும்' என்று திங்கட்கிழமை எழுதியது உண்மையாகவே இருக்கலாம். அதே வரியை, அதே எண்ணோடு, செவ்வாயும் புதனும் தானியங்கி மென்பொருள் அனுப்பிக்கொண்டிருந்தால் துணிக்கடைக்கும் கடன் நிறுவனத்துக்கும் வித்தியாசம் இல்லை. அந்தத் தீர்ப்பின்போது இருந்த சட்டப்படி இழப்பீடு ஒரு கடிதத்துக்கு 500 டாலர். வாஷிங்டனில் 20,000 முகவரி வைத்திருக்கும் ஒரு நடுத்தரக் கடன் நிறுவனத்துக்கு அந்தக் கணக்கில் அப்படியொரு செவ்வாய்க்கிழமை 1 கோடி டாலர் வரை விலை வைத்திருக்கக்கூடும்.